பிரிசில்லாவின் கட்டைவிரல்

பிரிசில்லா ஊசி போட்டால் வலிக்காது. இதை அவளே சொல்லியிருந்தால் தற்பெருமை என்று தள்ளிவிடலாம். சொல்வது நெம்மேலியில் வலை இழுக்கிறவர்களும், மாமல்லபுரத்தில் கல் கொத்துகிறவர்களும், திருக்கழுக்குன்றத்தில் கீரை விற்கிற பெண்களும். செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவே சாலையோரம் எண்பது படுக்கையோடு நிற்கிற அந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறை ஒன்று, அதில் மேசை இரண்டு. இரண்டாவது மேசையில் யார் உட்கார்ந்தாலும் ஈ ஓட்ட வேண்டியதுதான். "அந்த சிஸ்டரே போடட்டும், நாங்க குந்திகினு கீறோம்" என்று சனங்கள் பெஞ்சை விட்டு நகர மாட்டார்கள்.

கைராசி என்று ஊர் சொன்னது. ராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்பது பிரிசில்லாவுக்குத் தெரியும். எல்லாம் இடது கைக் கட்டைவிரல் செய்கிற வேலை. ஊசி இறங்கப்போகும் இடத்தில் அதை ஊன்றி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பாள். எண்ணுவது வெளியே தெரியாது. "நாஸ்தா துன்னாச்சா? இன்னா நாஸ்தா? தனியாவா வந்த, வூட்ல யாரும் வர்லியா?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் வாங்குவதற்குள் பத்து ஆகிவிடும். விரலை எடுத்த கையோடு ஊசி உள்ளே போய் வெளியேயும் வந்திருக்கும். "போட்டாச்சா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி காதில் விழுவதற்காகத்தான் அவள் பதினேழு வருஷமாகக் காலையில் அடித்துப் பிடித்து பஸ் ஏறுகிறாள் என்றுகூடச் சொல்லலாம்.

இப்படி அவள் பாட்டுக்கு ராணியாக இருந்த நேரத்தில்தான் பிரபா திரும்பி வந்தாள்.

இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நர்சுகள் ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பக்கெட். பிரபாவுக்கு வேடந்தாங்கல் பக்கம், வீட்டில் நிலம் உண்டு, நெல் உண்டு. பிரிசில்லாவுக்கு நெம்மேலி. அவள் அப்பா ஞானதாஸ் ஊரான் வயலில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தபோது அங்கே காவலுக்குப் போனவர். அதெல்லாம் ஹாஸ்டலில் குறுக்கே வரவில்லை. பத்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் தின்றார்கள், நீயா நானா என்று சண்டை போட்டார்கள், மறுநாள் மறுபடியும் ஒரே டிபன் பாக்ஸ்.

அப்புறம் பிரபா மேல்படிப்புக்குப் போனாள். பிரிசில்லாவும் விண்ணப்பம் வாங்கித்தான் வைத்திருந்தாள். அந்த வருஷம் பார்த்து இரண்டாவது பிள்ளை. புருஷன் ஜோஷ்வாவுக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிப்ட். விண்ணப்பம் பைபிளுக்குள் மடித்தபடியே பழுப்பேறிப் போனது. அவள் தூக்கிப் போடவும் இல்லை, பூர்த்தி செய்யவும் இல்லை.

எம்.எஸ்ஸி. முடித்து வந்த பிரபாவுக்குத் தனி அறை கொடுத்தார்கள். கதவில் 'நர்சிங் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர்' என்று பலகை. உள்ளே லேப்டாப், சக்கரம் வைத்த நாற்காலி. டாக்டர்கள் "பிரபா மேடம் இருக்காங்களா?" என்று கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். ஊசி அறைக் கதவை அவர்களில் ஒருத்தரும் தட்டியது கிடையாது, அங்கே கதவே இல்லை, பச்சைத் திரைதான். பிரிசில்லா அந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்த அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து அவளும் "மேடம்" என்றே கூப்பிட ஆரம்பித்தாள். முதல் தடவை பிரபா சிரித்தாள். இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டிபன் பாக்ஸ் இரண்டானது.

பொறாமைதான், வேறென்ன. பிரிசில்லாவே ராத்திரி ஜெபத்தில் அதைப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள். காலையில் அந்தப் பலகையைப் பார்த்ததும் மறுபடியும் வயிறு எரியும்.

ஜூன் மாதக் கூட்டத்தில் எரிகிற வயிற்றில் எண்ணெய் விழுந்தது. நர்சிங் சூப்பரண்டெண்ட் சகுந்தலா அம்மா தலைமை. முப்பது நர்சுகள். பிரபா எழுந்து பேசினாள்.

"நாம தெனம் நூறு வேல செய்றோம். ஏன் இப்டி செய்றேன்னு கேட்டா, 'மொத மொத வந்தப்ப இப்டித்தான் காட்டினாங்க'ன்னு சொல்றோம். அது நெஜமாவே பேஷண்டுக்கு நல்லதா, வெறும் பழக்கமான்னு யாரும் பாக்கல. ஒண்ண எடுத்து, ஒழுங்கா அளந்து பாப்போம். ஊசி போடறதுக்கு முன்னாடி அந்த எடத்த கட்டவெரலால அழுத்தினா வலி கொறையுதான்னு."

முப்பது தலையும் பிரிசில்லா பக்கம் திரும்பியது. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. என் விரலை எடுத்து இவள் பெயர் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்ற ஒரே நினைப்புதான் தலைக்குள் சுற்றியது. அடுத்து பிரபா சொன்னது அதைவிட மோசம்.

"எல்லா ஊசியையும் ஒரே ஆள்தான் போடணும். கை மாறினா, வலி வித்தியாசம் வெரலாலயா கையாலயான்னு தெரியாது. பிரிசில்லா சிஸ்டர் போட்டா நல்லாருக்கும்."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமை என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதோடு, இரண்டாவது மேசையில் ஈ ஓட்டுகிற அன்பரசிக்கு அந்த வேலை போகும். பிரிசில்லா தலையை ஆட்டினாள்.

ஏற்பாடு இதுதான். ரண ஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட வருகிற பெரியவர்கள் நூற்றிருபது பேர். கல் சில்லு தெறித்தவர்கள், மீன் முள் குத்தியவர்கள், ஆணி மிதித்தவர்கள். ஆளுக்கொரு ஒட்டிய உறை. ஊசி போடுவதற்குச் சற்று முன்னால், திரைக்கு உள்ளே, பிரிசில்லா அதைப் பிரிப்பாள். அறுபது உறையில் 'அழுத்து' என்று சீட்டு இருக்கும். அறுபதில் 'வழக்கம்' என்று இருக்கும், அதாவது அழுத்தாமல் நேராகப் போடுவது. எந்த உறையில் எது என்று பிரபாவுக்கே தெரியாது. அதே சீட்டில், அழுத்தினேன், அழுத்தவில்லை என்ற இரண்டில் ஒன்றுக்கு டிக் அடித்துப் பூட்டின பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். ஊசி முடிந்து வெளியே வருகிறவரிடம் பிரபா ஒரே ஒரு கேள்வி கேட்பாள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, உங்களுக்கு எத்தனை?

"நீ திரைக்கு வெளியவே நிப்பியா? உள்ள எட்டிகூட பாக்க மாட்டியா?" என்று பிரிசில்லா கேட்டாள். மேடம் என்பது அந்த ஒரு தடவை நழுவிவிட்டது.

"பாக்கக் கூடாது. பாத்தா, அழுத்தின ஆளுக்குக் கொறச்சலா போடச் சொல்லி எனக்கே கை போவும். தெரியாம இருந்தாத்தான் நான் ஒழுங்கா எழுதுவேன்."

"நான் ஒழுங்கா செய்றனான்னு யாரு பாப்பாங்க?"

"உன்னையா?" என்று பிரபா சிரித்தாள். "ஆனா அந்த நாஸ்தா கேள்விங்கள நிறுத்திடாத. ரெண்டு பக்கமும் அதே மூணு கேள்வி, அதே பத்து எண்ணிக்க. வெரல் மட்டும்தான் மாறணும்."

தன் கேள்விகளைக்கூட எண்ணி வைத்திருக்கிறாளே என்று பிரிசில்லாவுக்கு அதுவும் எரிந்தது.

முதல் 'வழக்கம்' சீட்டு ஒரு மீன்காரிக்கு விழுந்தது. கூடையின் தகரம் கையைக் கிழித்திருந்தது. "ஒன்கிட்டதான் போட்டுக்கணும்னு ரெண்டு பஸ் மாறி வந்தேன் கண்ணு" என்றபடி புஜத்தைக் காட்டினாள். பிரிசில்லா முதல் கேள்வியைக் கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் போய் உட்கார்ந்துவிட்டது. பதினேழு வருஷப் பழக்கம், தானாகப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். "போட்டாச்சா?" என்றாள் மீன்காரி. வெளியே பிரபா கேட்பதும், "ரெண்டு போட்டுக்கோம்மா" என்று பதில் வருவதும் கேட்டது. பிரிசில்லா சீட்டைப் பார்த்தாள். பேனாவை எடுத்து, 'அழுத்தவில்லை' என்பதற்கு நேராக டிக் அடித்தாள்.

இரண்டாவதையும் பழக்கம் என்று சொல்லலாம். நான்காவது 'வழக்கம்' வந்தபோது அவளுக்குத் தான் செய்வது நன்றாகத் தெரிந்தது. அழுத்தாமல் போட்டால் வலிக்கும். வலித்தால் வெளியே போய் ஆறு, ஏழு என்பார்கள். பிரிசில்லா கையால் வலித்தது என்று ஒரு காகிதத்தில் ஏறிவிடும். அதைவிடப் பெரிது இன்னொன்று. அந்த ஏழுகளை ஒரு பக்கமும் இரண்டுகளை மறுபக்கமும் அடுக்கி, சென்னையில் ஒரு மேடையில் ஏறி நின்று, "நான் கண்டுபிடித்தேன்" என்று பிரபா காட்டுவாள். கைதட்டுவார்கள். கட்டைவிரல் யாருடையது, கைதட்டல் யாருக்கு? பிரிசில்லா பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவது ஆளையும் அழுத்தினாள். ஐந்தாவது ஆளை இன்னும் நன்றாக அழுத்தினாள்.

நடுவில் ஒரு நாள் மட்டும் உயிர் போய் வந்தது. வெளியே ஒரு பெரியவர், "சிஸ்டர் நல்லா அமுக்கிப் புடிச்சி..." என்று ஆரம்பித்துவிட்டார். அவருக்கு 'வழக்கம்' சீட்டு. "ஐயா, ஐயா, ஒண்ணும் சொல்லாதீங்க, நம்பர் மட்டும் போதும்!" என்று பிரபா இரண்டு காதையும் பொத்திக்கொண்டது திரையின் இடுக்கில் தெரிந்தது. அவ்வளவு நேர்மையாகக் காதைப் பொத்திக்கொண்டவள் மேல் பிரிசில்லாவுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆராய்ச்சி செய்கிறவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சிரிப்புதான் வந்தது.

பத்து வாரத்தில் நூற்றிருபதும் முடிந்தது. செப்டம்பர் கூட்டத்தில் பிரபா திரையில் இரண்டு எண்களைப் போட்டுக் காட்டினாள். அழுத்தினவர்களின் சராசரி வலி, இரண்டு புள்ளி ஒன்று. அழுத்தாதவர்களுக்கும் இரண்டு புள்ளி ஒன்று.

"வித்தியாசம் இல்ல" என்றாள் பிரபா. குரல் இறங்கித்தான் இருந்தது.

பிரிசில்லாவுக்கு உள்ளே தலைகால் புரியாத சந்தோஷம். போச்சா, மேடை போச்சா, கைதட்டல் போச்சா என்று மனசு குதித்தது. முகத்தை மட்டும் துக்க வீட்டுக்குப் போனவள்போல் வைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும்.

"வித்தியாசம் இல்லன்றதும் ஒரு பதில்தான்" என்று பிரபா தொடர்ந்தாள். "நெனச்சது நடக்கலன்னு மறைக்கக் கூடாது. சென்னை மாநாட்டுக்கு இதையே அனுப்பறேன். வெள்ளிக்கெழம கடைசி நாள்."

சகுந்தலா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார். "அப்போ அந்த அழுத்தற வேலயே வேணாம். ஆளுக்குப் பத்து செகண்டுன்னா ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் வீணு. திங்கக்கெழமலேந்து யாரும் அழுத்தத் தேவையில்ல. பிரிசில்லா, உனக்கும்தான் சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ, "அப்ப கைராசின்னது எல்லாம் சும்மாவா?" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். பிரபா சிரிக்கவில்லை. ஒரு கணம் பிரிசில்லாவைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பிரிசில்லாவுக்கு முழுக்க உறைத்தது. பிரபாவுக்கு ஒன்றும் போகவில்லை. அவளுக்கு மேடையும் உண்டு, மாநாடும் உண்டு. போனது கட்டைவிரல்தான். பதினேழு வருஷம் ஊரே மெச்சின விரல் உதவாக்கரை என்று கணக்குப் போட்டு நிரூபித்தாகிவிட்டது. நிரூபித்தது யார் என்று தேட வேண்டியதில்லை. அறுபது சீட்டிலும் அவளுடைய டிக்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை ஊசி அறைச் சுவரில் காகிதம் ஒட்டினார்கள். 'ஊசிக்கு முன் அழுத்துதல் தேவையில்லை.' கீழே சகுந்தலா அம்மாவின் கையெழுத்து. பிரிசில்லா அன்றும் அழுத்தினாள், ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்து அழுத்தினாள். ஏதோ திருட்டு வேலைபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை, பக்கத்து மேசையில் அன்பரசி ஒரு கட்டட வேலைப் பெண்ணுக்கு ஊசி போட்டாள். அன்பரசிக்கும் பிரிசில்லாவைப் பார்த்து அழுத்துகிற பழக்கம் வந்திருந்தது. காகிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அந்தப் பெண் "ஐயோம்மா!" என்று கத்தியதில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"ஏண்டி, கொஞ்சம் அழுத்திட்டுப் போட்டா இன்னா?" என்று பிரிசில்லா சீறினாள்.

அன்பரசி பயந்துபோய்ச் சுவரைக் காட்டினாள். "நீங்க போட்டுத்தான சிஸ்டர் கண்டுபிடிச்சாங்க, அதால ஒண்ணுமில்லன்னு?"

அந்தப் பெண் புஜத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி வெளியே போனாள். பிரிசில்லா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒருத்தியோடு முடியாது. வெள்ளிக்கிழமை அந்தக் காகிதம் சென்னைக்குப் போய்விட்டால், எங்கெங்கோ இருக்கிற அன்பரசிகளும் விரலை எடுத்துவிடுவார்கள். எல்லாரும் கத்துவார்கள். தான் ஒருத்தியின் வயிற்றெரிச்சலுக்கு, முகம் தெரியாத எத்தனை பேருடைய புஜம் எரியப் போகிறது?

வியாழன் மத்தியானம் அவள் பிரபாவின் கதவைத் தட்டினாள். பிரபா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வா மேடம்" என்றாள் பிரபா. அது குத்தலாகத்தான் வந்தது.

பிரிசில்லா உட்காரவில்லை. "நான் அழுத்தினேன்" என்றாள்.

"தெரியுமே. அறுவது பேர அழுத்தின."

"நூத்தி இருவது பேரையும் அழுத்தினேன். வழக்கம்னு வந்த எல்லாரையும். சீட்டுல பொய்யா டிக் போட்டேன்."

பிரபா கையிலிருந்த உருண்டையை டப்பாவுக்குள்ளேயே போட்டாள். அப்புறம் எழுந்தாள். சக்கர நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் இடித்தது.

"எத்தினி பேர் கையெழுத்துப் போட்டு ஒத்துகினாங்க தெரியுமா உனக்கு? கை கிழிஞ்சி ரத்தம் ஒழுவ வந்தவங்க, ஆராய்ச்சிக்கின்னு சொன்னதும் சரின்னு குந்தினாங்க. அத்தனயும் குப்ப! மத்த ஆஸ்பத்திரில செஞ்சத எல்லாம் எடுத்துப் படிச்சேன். சும்மா போட்டா வலி நாலு, அஞ்சுன்னு வருது. நமக்கு மட்டும் ரெண்டு புள்ளி ஒண்ணு. எங்கயோ தப்பு நடந்துருக்குன்னு ரெண்டு ராத்திரி தூங்கல. நான் உன்ன சந்தேகப்படல, பிரிசில்லா. புஸ்தகத்த சந்தேகப்பட்டேன்."

அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று பிரிசில்லாவுக்குத் தோன்றியது. "என் வெரல நீ எடுத்துகினு போற மாதிரி இருந்துச்சி" என்றாள். "நீ மேடைல நிப்ப, நான் இங்க திரைக்குப் பின்னால நிப்பேன். தாங்கல. பொறாமதான். வேற ஒண்ணும் இல்ல."

"உன் வெரலா?" பிரபாவின் குரல் உடைந்துபோய் வந்தது. "வேலைக்கு வந்த புதுசுல, மஞ்சக்காமாலைக்குத் தடுப்பூசி போட்டுக்கச் சொன்னாங்களே, ஞாபகம் கீதா? எனக்கு நீதான் போட்ட. கை நடுங்குது, எடம் சரியா தெரியலன்னு கட்டவெரல வெச்சிகினு எடுக்கவே இல்ல. போட்டியா இல்லியான்னு கேட்டது யாரு? மொதல்ல வலிக்காம போனது யாருக்கு? அழுத்தினாத்தான்டி வலிக்கல, இனிமே எல்லாருக்கும் இப்டியே போடுன்னு சொன்னது யாரு?"

பிரிசில்லாவுக்கு அது ஞாபகம் இருந்தது. பதினேழு வருஷமாக ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட ஞாபகம் அது.

"இன்னொண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்று பிரபா திரும்பி ஜன்னல் பக்கம் நின்றாள். "அந்த ரெண்டாவது மேசைல ஏழு வருஷம் குந்தினவ நானு. நானும் அழுத்தித்தான் போட்டேன். ஆனா எங்கிட்ட கைய நீட்டிகினே உன் க்யூவ எட்டிப் பாப்பாங்க. பிரபா போடட்டும்னு ஒருத்தர் கேட்டதில்ல. படிக்கப் போனது எதுக்குன்னு நெனச்ச?"

இதைக் கேட்டதும் பிரிசில்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது நிஜம். அதோடு சேர்த்து, உள்ளே எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்னக் குஷியும் வந்தது. அந்தக் குஷியை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் நடந்தது எல்லாம் காகித வேலை. பிரபா மாநாட்டுக்கு அனுப்பவில்லை. நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தாள். பிரிசில்லாவும் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சகுந்தலா அம்மா மெமோ கொடுத்தார், ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டார், சுவரிலிருந்த காகிதத்தைத் தானே கிழித்தார். முதலிலிருந்து மறுபடியும் நூற்றிருபது உறை என்று முடிவானது. யார் ஊசி போடுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் அன்பரசியைப் பார்த்தார்கள்.

"நானே போடறேன்" என்றாள் பிரிசில்லா.

"உன்ன எப்டி நம்பறது?" என்று பிரபா நேருக்கு நேராகக் கேட்டாள்.

"நம்பாத. அன்பரசிய உள்ள நிக்க வெச்சி, வாட்ச்சும் கையுமா பாக்கச் சொல்லு."

அப்படியே ஆனது. நவம்பர் மாதம், மழை விட்ட ஒரு காலை. முதல் ஆளாக மாமல்லபுரத்துச் சின்னராசு வந்தார். உளி சறுக்கி முழங்கையில் வெட்டு. கை மரத்துப்போகிறது என்று வருஷக்கணக்காகச் சத்து ஊசி போட்டுக்கொள்கிறவர், அவ்வளவும் பிரிசில்லா கையால்தான். மேசை முன்னால் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசுகிறவர்போல் சாவகாசமாகச் சட்டைக் கையை மடித்தார்.

பிரிசில்லா உறையைப் பிரித்தாள். 'வழக்கம்.'

அன்பரசி கடிகாரத்தைப் பார்த்தபடி மூலையில் நின்றாள். பிரிசில்லா பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி, கையுறைக்கு மேலேயே மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டினாள். மற்ற நாலு விரலால் அவர் புஜத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாஸ்தா துன்னாச்சா?"

"ஆச்சி சிஸ்டர்."

"இன்னா நாஸ்தா?"

"இட்லி."

"தனியாவா வந்தீங்க, வூட்ல யாரும் வர்லியா?"

பிளாஸ்டருக்குள் கட்டைவிரல் எழும்பப் பார்த்தது. பிரிசில்லா பத்து எண்ணினாள். ஊசியை இறக்கினாள்.

"ஆத்தாடி!" சின்னராசு துள்ளி எழுந்துவிட்டார். "இன்னா சிஸ்டர் இது! ஒங்களுக்கு இன்னா ஆச்சி?"

காரணம் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. அவர் புஜத்தைத் தேய்த்துக்கொண்டு, அவளை நம்ப முடியாமல் பார்த்தபடி திரையை விலக்கி வெளியே போனார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த அலறலைக் கேட்டிருப்பார்கள். பிரிசில்லாவுக்குக் கழுத்துவரை வியர்த்தது. சீட்டில் 'அழுத்தவில்லை' என்பதற்கு நேராக டிக் அடித்தாள். அந்த இடத்தில் அவள் போட்ட முதல் உண்மையான டிக் அது.

வெளியே பிரபா கேட்டாள். "பூஜ்யத்துலேந்து பத்துக்குள்ள, எத்தன அண்ணாத்த?"

"ஏழு போடும்மா. அந்தம்மா கை போயிடிச்சி."

ஏழு. பிரிசில்லா திரைக்குப் பின்னால் அப்படியே நின்றாள். வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று பதினேழு வருஷமாகச் சொல்லக் கேட்டிருக்கிறாள். எவ்வளவு வலிக்காமல் செய்தாள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருஷமாக இரண்டு போக மீதி ஐந்தையும் இந்த விரல்தான் வாங்கிக்கொண்டிருந்ததா? ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது, நூற்றிருபதும் முடியட்டும் என்று பிரபா சொல்வாள். சொல்லட்டும். பிரிசில்லா பிளாஸ்டர் சுற்றிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அன்பரசி என்ன செய்வதென்று தெரியாமல் கடிகாரத்தையே பார்த்தாள்.

திரைக்கு வெளியே, பிரபாவின் பேனா அந்த எண்ணை எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதுவது அவளாக இருக்கிறாளே என்பது மட்டும் பிரிசில்லாவுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்த ஆள அனுப்புடி" என்றாள்.